வீட்டு மூட்டை

கறையைப் பார்த்துக் கதை சொல்வதில் அந்த லாண்டரிக்காரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டைக் காலரை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், ஆள் வேலைக்குப் போகிறானா, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு வருகிறானா என்று சொல்லிவிடுவாள். தலையணை உறையைப் பிரித்துப் பார்த்து, இந்த வீட்டில் யாரோ அழுதுகொண்டே தூங்குகிறார்கள் என்பாள். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். எந்தக் கறை போகும், எது போகாது என்பதில் அவள் சொல்வதுதான் முடிவு, அப்பீல் கிடையாது. அதனால் தெருவே அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிட்டது. முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்த வருஷத்து மழை விடாப்பிடியாகப் பெய்தது. லாண்டரிக்காரர்களுக்கு மழையைப் போல விரோதி வேறு யாரும் இல்லை. முன்னறையில் கடை, அதில் இஸ்திரி மேஜையும் துணி வாங்கிக் கொடுக்கிற பலகைத் தடுப்பும். நடுவில் இரண்டு அறை, அதில்தான் குடும்பம். பின்கட்டில் தகரக் கொட்டகை, அதன் அடியில் சிமெண்டுத் தொட்டிகள், வெந்நீர்க் கொப்பரை, துணி பிரிக்கிற கல் மேஜை. வெயில் நாளில் மாடிக் கொடியில் காய்கிற துணியெல்லாம் இப்போது வீட்டுக்குள் காய்ந்தது. காய்ந்தது என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். லாட்ஜ் படுக்கை விரிப்புகள் அறைக்கு அறை தொங்கின. சோறு தின்னப் போகிறவர்கள் நாலு விரிப்பைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். வீட்டில் இருந்த மூன்று பெண் குழந்தைகளுக்கும் அது கண்ணாமூச்சி, பெரியவர்களுக்கு எரிச்சல்.

அன்றைக்கு வீட்டு மூட்டை பிரிக்கிற நாள். ஊர்த் துணியெல்லாம் முடிந்தபிறகு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுத் துணியைக் கொப்பரையில் போடுவார்கள். அந்த வீட்டில் யாரும் தனியாகத் துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஜட்ஜம்மா போட்ட சட்டம். ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு சோப்பு என்று கிளம்பினால் தொழில் நடந்தமாதிரிதான். மாதவிலக்குத் துணிக்கும் அதே சட்டம். கிழிந்த லாட்ஜ் விரிப்புகளை மடித்துத் தைத்து அதற்கென்று வைத்திருந்தாள். அவற்றைத் தனிப் பையில் முடிந்து மூட்டைக்குள் வைத்துவிட வேண்டும். ஜட்ஜம்மாவே அதைப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைப்பாள். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டுக் கெடுக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பது அவள் எண்ணம். மருமகளையும் அந்தக் கும்பலில்தான் சேர்த்திருந்தாள்.

மருமகள் தொட்டிக்குள் நின்று விரிப்புகளை மிதித்துக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மா மூட்டையைப் பிரித்து முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் திரும்பி மகனுக்குக் குரல் கொடுத்தாள்.

“டேய், இஸ்திரிய ஓரமா வச்சிட்டு இங்க வா.”

“ஆள் நிக்கிறாங்கம்மா.”

“நிக்கட்டும். துணிய வாங்காம எங்க போயிடப் போறாங்க? வாடா.”

இஸ்திரிக்காரன் விரிப்புகளை விலக்கிக்கொண்டு வந்தான். நல்ல மனுஷன். அம்மா கூப்பிட்டால் வருவான், மனைவி கூப்பிட்டாலும் வருவான், இரண்டு பேரும் ஒன்றாகக் கூப்பிட்டால் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று முன்னறைக்குப் போய்விடுவான்.

“உன் பொண்டாட்டி முழுகாம இருக்கா,” என்றாள் ஜட்ஜம்மா.

தொட்டிக்குள் மருமகளின் கால் நின்றது.

“நெஜமாவா?” என்று அவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா பக்கம் திரும்பி, “நெஜமாவாம்மா?” என்றான்.

“இந்த மூட்டைல பை வந்து மூணு மாசமாச்சு. போன மாசமே பாத்தேன். மழைக்குச் சில பேருக்குத் தள்ளிப் போகும், சொல்லிட்டு அசிங்கப்படக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. இனிமே என்ன சந்தேகம்? எனக்குத் தப்பு வருமா?”

வராதுதான். இஸ்திரிக்காரன் ஈரத்தரையில் நின்றுகொண்டு காதுவரைக்கும் சிரித்தான். மருமகள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். ஆனால் இல்லை என்றால், பின் பை ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த பதிலை அந்தக் கொட்டகையில் சொல்ல முடியாது. அவள் குனிந்து விரிப்பை முறுக்க ஆரம்பித்தாள்.

“வெக்கத்தப் பாரு, நாலாவதுக்கு,” என்று ஜட்ஜம்மா சிரித்தாள். “அத விடு. இனிமே நீ முறுக்க வேணாம். டேய், நீ முறுக்கு.”

கடைக்குட்டி பிறந்தபோது மருமகள் செத்துப் பிழைத்தாள். குழந்தை வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. விளக்குகள் தூரப் போனதும், யாரோ அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதும், தன்னுடைய கைகால் தன்னுடையதாக இல்லாமல் போனதும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருந்தது. பிழைத்து எழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து, இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். வீட்டுக்கு வந்ததும் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவனுக்கும் கண் கலங்கியது. ஆனால் ஆணுறை என்றதும் முகத்தைச் சுளித்தான். அதெல்லாம் தனக்குச் சரிப்படாது என்றான். வேறு வழி இருக்கிறதாம் என்றதற்கு, “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்” என்றான். சில நாள் கழித்து, “அம்மா கூடவே கூடாதுங்கிறாங்க. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காதன்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டான். அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவள் அதை நம்பினாள். அத்தைமேல் அன்றைக்கு வந்த கசப்பு அப்படியே உள்ளே கிடந்தது.

அடுத்த தெருவில் இருந்த சுகாதார நிலையத்துக்கு விரிப்புகளும் திரைகளும் இவர்கள்தான் வெளுத்தார்கள். வாராவாரம் சுத்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து அழுக்கு மூட்டையை எடுத்துவருவது மருமகளின் வேலை. அங்கே இருந்த நர்ஸம்மாவிடம் ஒருநாள் அழுதுவிட்டாள். நர்ஸம்மா மாத்திரை தரட்டுமா என்றாள். மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. தலையணை உறையிலிருந்து சட்டைப் பைவரைக்கும் உதறிப் பார்க்கிற வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்துவைப்பது? ஊசி என்றால் கையில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. துணி கொடுக்க வந்த கையோடு போட்டுக்கொண்டு போய்விடலாம். மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை.

“மாசமாசம் வர்றது கொறையும், நின்னாலும் நின்னுடும்,” என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். “கெட்ட ரத்தம் உள்ள தங்கிடுச்சுன்னு பயப்படாத. அப்படி எதுவும் தங்காது. ஊசிய விட்டா தானா வந்துரும்.”

நின்றபோது அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு வேலை குறைந்தது என்று நினைத்தாள். யோசித்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு எந்த மாமியார் கண்ணிலும் படாத விஷயம் இந்த மாமியார் கண்ணில் படும் என்பது பிறகுதான் உறைத்தது. பீட்ரூட் சாற்றில் துணியை நனைத்துப் பையில் வைத்துவிடலாமா என்றுகூடப் போன மாதம் ஒருநாள் தோன்றியது. பழச்சாறு எது, துரு எது, ரத்தம் எது என்று மூக்கிலேயே கண்டுபிடிக்கிறவளிடம் பீட்ரூட்டைக் கொண்டுபோய்க் காட்டுவதா? காய்கறியை நறுக்கி வேகவைத்துக் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டாள்.

தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து வீடு தலைகீழாக மாறியது. தண்ணீர் வாளியைத் தொடவிடவில்லை. தட்டில் முட்டை வந்தது, பாலில் சர்க்கரை கூடியது. ஜட்ஜம்மா பழைய குழந்தைத் துணிகளையெல்லாம் எடுத்து நீலம் போட்டு அலசிக் கொப்பரை ஓரம் காயவைத்தாள். இஸ்திரிக்காரன் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டு பேரிடம், என்ன விசேஷம் என்று அவர்களே கேட்கிற அளவுக்குச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க மருமகளால் முட்டையை விழுங்க முடியவில்லை. அதையும் மசக்கை என்றார்கள்.

எதிர்வீட்டுத் தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு விசாரிக்க வந்தாள்.

“நல்ல வேளை,” என்றாள், கல் மேஜையில் சாய்ந்துகொண்டு. “இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஊசி, மாத்திரை, காப்பர் டின்னு கிளம்பிடுதுங்க. எங்க மெஷின்ல பித்தான் தைக்க வருவாளே ஒருத்தி, அவ ஊசி போட்டா. இப்படி ஊதிப்போயிட்டா. கெட்ட ரத்தம் அத்தனையும் உள்ளயே தங்கிக் கல்லாப் போச்சாம்.”

“கல்லாப் போனத யாருக்கா பாத்தாங்க?” என்றாள் மருமகள். கேட்டபிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

“பாக்கணுமா? அதான் சொல்றாங்களே.”

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. “ஆஸ்பத்திரிக்காரங்க கை பட்டா அப்படித்தான்,” என்றாள். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. “அவங்களுக்கு நாம மனுஷங்க இல்ல. துணி மாதிரி. கிழிக்கணும்னா கிழிப்பாங்க, தைக்கணும்னா தைப்பாங்க.”

மருமகள் விரிப்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது, அதை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் போனது. அடுத்த ஊசிக்கு நாள் வந்துவிட்டது. சுகாதார நிலையத்துக்குத் துணி கொண்டுபோகிற சாக்கில்தான் அவள் போய்வந்தாள். இப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி மூட்டை தூக்கலாமா என்று அந்த வேலையை இஸ்திரிக்காரன் எடுத்துக்கொண்டான். மழையில் வழுக்கும் என்று கடைவாசலைத் தாண்டவே விடவில்லை. ஊசி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் பயமில்லை என்ற நினைப்பில் அவனும் ஆசையாக இருந்தான். தலைவலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்குத் தலை வலிக்கும்?

பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. கொஞ்ச நாள் போனால் பொய் தானாக உண்மையாகிவிடும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவேண்டாம். மாதக் கணக்கு முன்னேபின்னே இருந்தால் ஜட்ஜம்மாவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள். அந்த யோசனை வந்தபோது விளக்குகள் தூரப் போவது மறுபடி தெரிந்தது. தொங்குகிற ஈர விரிப்புகளுக்கு நடுவில் நின்று, யாருக்கும் கேட்காமல் அழுதாள். மூன்று பிள்ளைகளும் அந்தப் பக்கம் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தன.

துணி கொடுக்கப் போன இஸ்திரிக்காரன் நனைந்துபோய்த் திரும்பி வந்தான்.

“நர்ஸம்மாகிட்ட விஷயத்தச் சொன்னேன்,” என்றான் தலையைத் துவட்டிக்கொண்டே. “அவங்களுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அவ்வளவு சந்தோஷம்போல.”

மருமகளின் கை தட்டிலேயே நின்றது. “என்ன சொன்னாங்க?”

“நாளைக்கே அனுப்பிவைங்க, நானே பாக்கணும்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க.”

நர்ஸம்மா காட்டிக்கொடுக்கவில்லை. வழியும் காட்டியிருக்கிறாள். மருமகளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

“நானும் கூடப் போறேன்,” என்றாள் ஜட்ஜம்மா.

“நீயாம்மா? அந்தப் பக்கமே போகமாட்டியே?”

“எனக்காகவா போறேன்? இவள விட்டுட்டு நான் இங்க உக்காந்திருக்க, அவங்க பாட்டுக்கு எதையாவது செஞ்சு வச்சா?”

மறுநாள் காலையில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் போனார்கள். ஜட்ஜம்மா மருமகளின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். வழுக்குகிற இடத்திலெல்லாம் “பாத்து, பாத்து” என்றாள். அந்தக் கையின் பிடியில் இருந்த அக்கறை மருமகளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. திட்டிக்கொண்டே வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சுகாதார நிலையத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். நர்ஸம்மா எட்டிப் பார்த்து, “நீ மட்டும் உள்ள வாம்மா” என்றாள்.

“நான் பாக்காத உடம்பா?” என்றாள் ஜட்ஜம்மா.

“எடம் இல்லைங்கம்மா. நேத்து மழைல உங்க புள்ள எடுக்காமப் போன மூட்டை பின் வராந்தால கெடக்கு, அதப் பாருங்க. பிரிக்காமக் கட்டிவச்சிருக்காங்க.”

பிரிக்காத மூட்டை என்றதும் ஜட்ஜம்மா நேரே அங்கே போய்விட்டாள். நர்ஸம்மா கதவைச் சாத்தினாள்.

“என்ன பண்ணிவச்சிருக்க நீ? உன் புருஷன் வந்து மாசமா இருக்கான்னு சொன்னதும் எனக்குத் தல சுத்திடுச்சு.”

மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி தள்ளிப் போயிருந்ததால் நர்ஸம்மா முதலில் சோதித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“தப்பிச்ச. இன்னைக்குப் போட்டுடலாம். ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு. போன வருஷம் ஒருத்தன் வந்து, பொண்டாட்டிக்கு எங்கிட்டக் கேக்காம எப்படிப் போடலாம்னு சன்னலயெல்லாம் ஒடச்சிட்டுப் போனான். அதுலேருந்து வீட்டு ஆளுங்களுக்குத் தெரியாமச் செய்யாதீங்கன்னு எங்க டாக்டரு ஒரே புடியா நிக்கிறாரு. உனக்குத்தான் பாவம் பாத்துச் செஞ்சேன்.” குரலைத் தாழ்த்தினாள். “ஒரு வழி இருக்கு. கலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். நானே உன் மாமியார்கிட்டச் சொல்றேன். கொஞ்ச நாள் அழுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.”

எவ்வளவு சுலபமான வழி. மருமகள் தலையாட்டவும் போனாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“கலைஞ்சா துணி வருமே நர்ஸம்மா. வீட்டு மூட்டைய அத்தைதான் பிரிப்பாங்க.”

நர்ஸம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “நான் அடுத்தவங்களப் பாக்குறேன். நீ யோசிச்சுட்டு வா,” என்றாள்.

பின் வராந்தாவில் ஜட்ஜம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுக்கு விரிப்புகளைக் கறை வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மழை கூரையில் அடித்தது. மருமகளும் எதிரே உட்கார்ந்து, பழக்கத்தில் ஒரு விரிப்பை இழுத்து மடியில் போட்டாள்.

“என்ன சொன்னா? நல்லா இருக்கா?”

“அத்தை, நான் முழுகாம இல்ல.”

ஜட்ஜம்மாவின் கை வேலையை விடவில்லை. “கலைஞ்சிடுச்சா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

தப்பிக்கிற கதவு தானாகத் திறந்துகொண்டு நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மருமகள் விரிப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இருந்தாத்தானே அத்தை கலையறதுக்கு? புள்ள நிக்காம இருக்க ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். அதனாலதான் மாசமாசம் வர்றது நின்னு போச்சு.”

இப்போது கை நின்றது.

“அப்ப நான் சொன்னது தப்பா?”

பேரப்பிள்ளை இல்லாமல் போனதைவிட, தீர்ப்பு தப்பிப்போனதுதான் முதலில் அவளைக் குத்தியது. அதற்காக அவளைக் குறை சொல்லக்கூடாது. ஆயுசு முழுக்கத் தப்பே வராதவளுக்கு முதல் தப்பு அப்படித்தான் வலிக்கும். பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. முகம் சிவந்தது.

“தெருவுக்கெல்லாம் சொல்லியாச்சு. பழைய துணிய எடுத்துத் தொவச்சு வச்சிருக்கேன். பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தியேடி! முட்டையத் தின்னியே!”

“தொண்டைல எறங்கல அத்தை.”

“யாரக் கேட்டு இந்த ஊசியப் போட்ட?”

“யாரையும் கேக்கல. முன்னாடி உங்க புள்ளகிட்டக் கேட்டேன். அவரு உங்களக் கேட்டாரு. நீங்க கூடவே கூடாதுன்னுட்டீங்க. அதுக்கப்புறம் யாரக் கேக்குறது?”

“எங்கிட்டக் கேட்டானா? எப்ப?”

“கடைக்குட்டி பொறந்து கொஞ்ச நாள்ல. ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காதன்னு சொன்னீங்களாமே.”

ஜட்ஜம்மா மருமகளையே பார்த்தாள். “எங்கிட்ட எவனும் எதையும் கேக்கல,” என்றாள்.

ஜட்ஜம்மா ஒரு விரிப்பை எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கீழே போட்டாள்.

“கேட்டிருந்தா கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற,” என்றாள். “இவன் பொறந்தது இதே எடத்துலதான். அப்ப ஓட்டுக் கட்டடம். மயக்கத்துல கெடந்தேன். வெளிய உக்காந்திருந்த உன் மாமனாரக் கேட்டாங்களாம், போதுமா, ஆபரேஷன முடிச்சுடலாமான்னு. அவரு சரின்னாராம். முடிச்சுட்டாங்க. எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லல. எனக்குப் பொண்ணு வேணும்னு ஆசை. ஒவ்வொரு மாசமும் துணிய அலசும்போது, அடுத்த மாசம் வராதுன்னு நெனச்சுக்குவேன். இப்படியே வருஷக்கணக்கா. என்மேலதான் ஏதோ குத்தம்னு நெனச்சு யார் யார் சொன்னதையோ கரைச்சுக் குடிச்சேன். கடைசில ஒரு நாள் சண்டைல அந்த மனுஷன் வாய் தவறிச் சொல்லிட்டாரு.” மூக்கைச் சிந்தினாள். “என்னைக் கேக்காம என் வயித்த மூடிட்டாங்கடி. அதுக்குத்தான் எனக்கு இந்த வாசப்படி ஆகாது.”

மருமகளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஒரே கொட்டகையில் எதிரெதிரே நின்று துவைத்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறதே என்று இருந்தது. ஆனால் சொல்லவேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. இப்போது விட்டால் பிறகு வராது.

“என்னையும் யாரும் கேக்கலையே அத்தை,” என்றாள். “முழுகாம இருக்கான்னு அவர்கிட்டச் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். மூட்டையப் பாத்தீங்க, என் மூஞ்சிய ஒரு தடவ பாக்கல. பயந்து செத்துக்கிட்டிருக்கேன் அத்தை. இன்னொரு தடவ அந்தக் கட்டில்ல படுத்தா எழுந்து வரமாட்டேன். என் பொண்ணுங்க மூணையும் விட்டுட்டு எனக்குப் போக வேணாம்.”

இப்போது ஜட்ஜம்மா மருமகளின் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் இஸ்திரிக்காரன் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளுவண்டியோடு வந்தான். மூட்டையை இவர்கள் தூக்கிவிடக் கூடாதே என்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

“என்ன சொன்னாங்க?” என்றான் பல் தெரிய. பிறகு இரண்டு முகங்களையும் பார்த்தான். பல் மறைந்தது.

“வயித்துல ஒண்ணும் இல்லடா,” என்றாள் ஜட்ஜம்மா. “நான் தப்பாச் சொல்லிட்டேன். அவ ஊசி போட்டிருக்கா. அது கெடக்கட்டும். எங்கிட்ட நீ என்னைக்குடா கேட்ட, நான் என்னைக்கு வேணாம்னேன்?”

அவனுக்கு எது முதலில் புரிந்தது என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தாளை எடுத்து மடித்தான், மறுபடி பிரித்தான்.

“உன்கிட்ட அதெல்லாம் எப்படிம்மா பேசறது? கூச்சமா இருந்துச்சு. எப்படியும் நீ வேணாம்னுதான் சொல்லுவேன்னு...”

“அதனால நீயே சொல்லிட்ட, என் பேருல.”

“ஊசி போட்டேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே,” என்று அவன் மனைவி பக்கம் திரும்பினான். குரல் கரகரத்தது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே நான். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடைல நிக்கிறது?”

“இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு நில்லு,” என்றாள் ஜட்ஜம்மா. “தெருவா வந்து பெத்துத் தரப்போகுது?”

நர்ஸம்மா வராந்தாக் கதவில் வந்து நின்றாள். மூன்று பேரையும் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கினாள். பிறகு கேட்கவேண்டியதை அவனைப் பார்த்துக் கேட்டாள்.

“என்ன தம்பி, பேசிட்டீங்களா? உங்களுக்குச் சம்மதமா? ஊசி போடலாமா?”

இஸ்திரிக்காரன் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தான்.

ஜட்ஜம்மா தரையில் கையை ஊன்றி எழுந்தாள். “என்னை ஏன்டா பாக்குற?” என்றாள். “அன்னைக்கும் இப்படித்தான் உங்கப்பன் மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க. எனக்கு இந்த ஊசியும் புடிக்கல, இந்த எடமும் புடிக்கல. ஆனா அவ உடம்பு. அவளக் கேளு.”

பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். கேட்பதற்கு வார்த்தை தேடினான். பாவம், பழக்கமில்லாத வேலை.

“நீ என்ன சொல்ற?” என்றான் கடைசியில்.

இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் இப்படிக் கேட்டதில்லை.

“போட்டுக்கணும்ங்க,” என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “எனக்கு இனிமே புள்ள வேணாம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தான். வீட்டுக்குப் போனால் சண்டை இருக்கிறது, கோபம் இருக்கிறது, பல நாள் பேசாமல் இருக்கப்போகிறான். எல்லாம் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டாள். வெளியே ஜட்ஜம்மா, ஈரத்தோடு மூட்டையைக் கட்டக்கூடாதென்று எத்தனை தடவை சொல்வது என மகனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா பஞ்சால் துடைத்தாள்.

“கொஞ்சம் வலிக்கும்மா,” என்றாள்.

“வலிக்கட்டும் நர்ஸம்மா,” என்றாள் மருமகள். “இதாவது நான் கேட்டு வாங்கிக்கிற வலி.”